ஆர்டர் போட்டது யார்? ‘எ ஃபியூ குட் மென்’ படத்தின் பலமும் ஓட்டையும்

மூடுபனி, குன்னூர் | சனி இரவு 10.50

போன வாரம் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு தோழி வீட்டு மாடியில் எட்டுப் பேர் உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். வெளியே விடாத மழை. மூன்று தடவை கரண்ட் போய் வந்தது. படம் முடிந்து டீயும் வர்க்கியும் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தவர்கள் பதினொன்றரை வரை எழுந்திருக்கவில்லை. அங்கே பாதியில் நின்ற பேச்சை இங்கே தொடரலாம் என்றுதான் இந்த இழை. முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப் போகிறோம், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்து நாளானவர்களுக்குக் கொஞ்சம் நினைவூட்டுகிறேன். 1992-இல் வந்த படம், இயக்கம் ராப் ரெய்னர். ஆரன் சார்க்கின் எழுதி 1989-இல் பிராட்வேயில் மேடையேறிய நாடகத்தை அவரே திரைக்கதை ஆக்கினார். கியூபா மண்ணில் அமெரிக்கா வைத்திருக்கும் குவாண்டனாமோ தளத்தில் சாண்டியாகோ என்ற மரைன் சிப்பாய் ஓர் இரவில் செத்துப்போகிறான். அவனைக் கட்டிப்போட்டு வாயில் துணியை அடைத்தவர்கள் இரண்டு பேர், டாசன், டௌனி. தளத்தில் இதற்கு ‘கோட் ரெட்’ என்று பெயர். பின்தங்கும் ஆளைக் கூட இருப்பவர்களே ராத்திரியில் ‘திருத்துவது’. இவர்களுக்கு வாதாட வருகிறவன் கேஃபி, டாம் குரூஸ். எல்லா வழக்கையும் பேரம் பேசியே முடித்துப் பழகிய ஆள். தளத்தின் கர்னல் ஜெஸப், ஜாக் நிக்கல்சன். கோட் ரெட்டுக்கு ஆர்டர் கொடுத்தது ஜெஸப்தான் என்று நிரூபிக்க முடியுமா என்பதுதான் வழக்கு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பலரும் சொல்லும் அந்தக் கடைசிக் குறுக்கு விசாரணை கிடையாது. பார்ன்ஸ் என்று ஒரு சின்னப் பையன் சாட்சி சொல்ல வருவானே, அந்தக் காட்சி. அரசுத் தரப்பு வக்கீல் அவன் கையில் மரைன்களின் கையேட்டைக் கொடுத்து, இதில் கோட் ரெட் எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு என்கிறார். அவனால் காட்ட முடியவில்லை. சரி, இவர்கள் பக்கம் தோற்றது என்று நாம் நினைக்கும்போது கேஃபி எழுந்து வந்து அதே புத்தகத்தை எடுத்து, சாப்பாட்டுக் கூடம் எங்கே இருக்கிறது என்று இதில் காட்டு என்கிறான். அதுவும் இல்லை. அப்படியானால் இத்தனை நாளாக நீ பட்டினியா? இல்லை, மூன்று வேளையும் சாப்பிட்டேன். எல்லாரும் போகிற வழியில் நானும் போனேன், கூடம் வந்துவிட்டது என்கிறான் பையன். இரண்டு நிமிடம்கூட வராது. ஆனால் எழுதாத சட்டம் ஒன்று ஒரு கூட்டத்துக்குள் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

இப்போது என் குறை. அதே படம் கடைசியில் இதை மறந்துவிடுகிறது. எழுத்தில் இல்லாத, வழக்கத்தில் ஊறிய ஒன்றை நிரூபிக்க வேண்டிய இடத்தில் கர்னலுக்குக் கோபம் வருகிறது, ஆமாம் நான்தான் சொன்னேன் என்று கத்திவிடுகிறார், வழக்கு முடிந்தது. அவருக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால்?

இன்னொன்று. செத்த பையனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஓட முடியாதவன், மாற்றல் கேட்டுக் கடிதம் எழுதியவன். அவ்வளவுதான். அம்மா யார், ஊரில் என்ன செய்துகொண்டிருந்தான், எதை நம்பிப் பட்டாளத்துக்கு வந்தான், ஒன்றும் கிடையாது. படம் முழுக்க எல்லாரும் அவன் பெயரைச் சொல்கிறார்கள், அவனை யாரும் பார்ப்பதில்லை. என் அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் நாயக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். வெலிங்டன் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். புதிதாக வரும் ரெக்ரூட் பிள்ளைகள் மொட்டைத் தலையோடு வரிசையாக ஓடுவதை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் எப்போதும் கடைசியில் வருவான். படத்தில் எனக்கு அவன் வேண்டும்.

கேத்தித் தம்பி | சனி இரவு 11.25

அக்கா, பார்ன்ஸ் காட்சியைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் கடைசிக் காட்சியை வெறும் கோபம் என்று தள்ளிவிடாதீர்கள். நான் நாடகக் குழுவில் இருப்பவன், அந்தக் காட்சியை மட்டும் பத்துத் தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பேன்.

கேஃபி கட்டும் பொறியைக் கவனியுங்கள். ஜெஸப் ஏற்கெனவே இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். ஒன்று, சாண்டியாகோவை யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பான ஆர்டர் போட்டேன். இரண்டு, அவன் உயிருக்கு ஆபத்து இருந்தது, அதனால் மாற்றல் கொடுத்தேன். கேஃபி முதலில் கர்னலின் பெருமையைத் தடவிக் கொடுக்கிறான். உங்கள் ஆட்கள் உங்கள் ஆர்டரை மீறுவார்களா? மீறவே மாட்டார்கள், மீறினால் உயிர் போகும் என்கிறார் கர்னல். அப்படியென்றால் தொடாதே என்று நீங்கள் சொன்ன பிறகு அவன் உயிருக்கு என்ன ஆபத்து, எதற்கு மாற்றல்? அந்த இடத்தில் நிக்கல்சன் முகத்தைப் பாருங்கள். இரண்டு பதிலும் ஒன்றை ஒன்று தின்கின்றன. கோபம் அதற்குப் பிறகுதான் வருகிறது. மாட்டிக்கொண்ட பிறகு வரும் கோபம் அது.

நிக்கல்சன் வருவது மொத்தமே நாலைந்து காட்சி. ஆனால் படம் முழுக்க அவர் இருப்பதுபோல் தோன்றும். அரசு வக்கீலாக வரும் கெவின் பேக்கனையும் சொல்ல வேண்டும். அவனை வில்லன் ஆக்காமல் விட்டது எழுத்தின் பெரிய பலம். அவனும் நல்லவன், அவன் வேலையை அவன் ஒழுங்காகச் செய்கிறான். டாசனாக நடித்த வுல்ஃப்காங் போடிசன் இந்தப் படத்துக்கு லொகேஷன் பார்க்கும் வேலையில் இருந்தவர், நடிகரே இல்லை. அந்த இறுக்கமான தாடையும் நேர்ப்பார்வையும் பயிற்சி பெற்ற நடிகனிடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

மலைரயில் | ஞாயிறு காலை 7.10

சினிமாவை சினிமாவாகப் பார்க்கலாமே. நிஜ கோர்ட்டு நடவடிக்கையை அப்படியே எடுத்தால் அரை மணி நேரத்தில் தூங்கிவிடுவோம். இரண்டேகால் மணி நேரம் ஒருத்தரும் நகரவில்லை, அது போதாதா?

கோர்ட்டு வாசல், ஊட்டி | ஞாயிறு காலை 9.40

மலைரயில் சாருக்கு முதலில் ஒரு வார்த்தை. நான் இருபது வருஷமாகக் கோர்ட்டில் நிற்கிறவன். நிஜ விசாரணையில் நாடகம் இல்லை என்று யார் சொன்னது? ஒரு சாட்சி தண்ணீர் கேட்கும்போது அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். படம் அதை நன்றாகவே பிடித்திருக்கிறது. என் மனதில் நிற்பது நீதிபதி வரும் ஓர் இடம். ஜெஸப் கேஃபியிடம், என்னைக் கர்னல் என்று கூப்பிடு, அந்த மரியாதையை நான் சம்பாதித்திருக்கிறேன் என்கிறார். உடனே நீதிபதி, அப்படியே நீங்களும் இந்தக் கோர்ட்டை அதற்குரிய மரியாதையோடு கூப்பிடுங்கள், அதை நானும் சம்பாதித்திருக்கிறேன் என்று நிறுத்துகிறார். பதவி எதுவானாலும் கூண்டில் ஏறினால் சாட்சிதான். இந்த ஒரு வரிக்காகவே அந்த எழுத்தாளருக்குக் கும்பிடு போடலாம்.

ஓட்டைகளும் இருக்கின்றன. பெரிய ஓட்டை குற்றச்சாட்டிலேயே இருக்கிறது. மூன்று குற்றச்சாட்டுகள்: கொலை, கொலைச் சதி, மரைனுக்குத் தகாத நடத்தை. முதல் இரண்டிலும் விடுதலை, மூன்றாவதில் குற்றவாளி, அதற்காக அவமானப் பணிநீக்கம். படத்தின் முடிவே அந்த மூன்றாவதில்தான் தொங்குகிறது. ஆனால் அமெரிக்க ராணுவச் சட்டத்தில் ‘தகாத நடத்தை’ என்ற அந்தப் பிரிவு அதிகாரிகளுக்கு மட்டும். சிப்பாய்மேல் அதைப் போட முடியாது. நம் ஊர்ச் சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அதிகாரி, ஜேசிஓ (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரி), வாரண்ட் ஆஃபீசர் வரைக்கும்தான். ஜவான்மேல் போடுவதென்றால் 63-ஆம் பிரிவு, ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் கேடான செயல். படம் 63 மாதிரி ஒன்றை வைத்திருந்தால் முடிவும் நின்றிருக்கும், சட்டமும் நின்றிருக்கும்.

இரண்டாவது, கேஃபி கடைசியில் இரண்டு விமானப்படை ஆட்களைக் கோர்ட்டில் உட்கார வைக்கிறான். கர்னல் அவர்களைப் பார்த்து, சாண்டியாகோ ஏறிப் போயிருக்கக்கூடிய அந்த ராத்திரி விமானத்தைப் பற்றி இவர்கள் சொல்லிவிடுவார்களோ என்று கலங்க வேண்டும். உண்மையில் அவர்களுக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை. சட்டப்படி தப்பு என்று சொல்ல முடியாது, ஒரு கெட்டிக்கார சீனியர் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஒரு வழக்கின் மொத்தப் பாரத்தையும் இதன்மேல் ஏற்றினால், அன்றைக்கு ஜெஸப் ராத்திரி நன்றாகத் தூங்கிவிட்டு வந்திருந்தால் இரண்டு பையன்கள் ஆயுளுக்கும் உள்ளே.

நம் நாட்டில் இந்த வழக்கு எப்படி நடந்திருக்கும் என்று யோசித்தேன். ஜெனரல் கோர்ட் மார்ஷல், அதாவது பெரிய ராணுவ நீதிமன்றம் என்றால் குறைந்தது ஐந்து அதிகாரிகள். தீர்ப்புச் சொன்னதும் முடிந்துவிடாது, மேலதிகாரி உறுதிப்படுத்திய பிறகுதான் செல்லும். அதற்கு முன்னாலேயே சம்மரி ஆஃப் எவிடென்ஸ் என்று சாட்சியங்களை எல்லாம் எழுதி வாங்கிவிடுவார்கள். கர்னல் திடீரென்று கோர்ட்டில் வந்து புதுக்கதை சொல்ல இடம் குறைவு. 2007-இல் சட்டம் வந்து அதற்குப் பிறகு ராணுவத் தீர்ப்பாயமும் இருக்கிறது, சென்னையில் ஒரு கிளை.

கோத்தகிரி அக்கா | ஞாயிறு மதியம் 2.15

எல்லாரும் ஆம்பளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். டெமி மூர் நடித்த வக்கீல் கேலவேயைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

பதவியில் கேஃபியைவிட மேலே இருக்கிறவள். இந்த வழக்கில் ஏதோ இருக்கிறது என்று முதலில் மோப்பம் பிடித்தவளும் அவள்தான். ஆனால் கோர்ட்டில் அவளுக்குக் கிடைத்தது என்ன? டாக்டர் சாட்சியின்போது ஆட்சேபணையை அழுத்தி அழுத்திச் சொல்லி நீதிபதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு உட்காருகிறாள், அப்புறம் கூட வாதாடும் வக்கீல் சாம் அவளைப் பிடித்துக் காய்ச்சுகிறான். குவாண்டனாமோவில் சாப்பாட்டு மேஜையில் ஜெஸப் அவளைப் பற்றி அவள் எதிரிலேயே கேஃபியிடம் அசிங்கமாகப் பேசுகிறார். அவள் முகம் அசையவில்லை, தட்டைப் பார்க்கவில்லை, கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கிறாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் யார் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் படம் அவளை ஒரு ஓரத்தில் உட்கார வைத்துவிட்டது. காதல் டூயட் வைக்காமல் விட்டதற்கு மட்டும் மனதாரப் பாராட்டுகிறேன்.

என் வீட்டுக்காரர் பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தார். லீவில் வந்தால் முதல் இரண்டு நாள் பேசமாட்டார். நான் கேட்கவும் மாட்டேன். அந்த லெப்டினன்ட் கர்னல் மார்க்கின்சன் முழு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு தன்னைச் சுட்டுக்கொள்கிறாரே, அதை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன். உண்மை தெரிந்தும் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தவர். அவரைப் பற்றி ஒரு அரை மணி நேரம் அதிகமாக எடுத்திருக்கலாம்.

கேத்தித் தம்பி | ஞாயிறு மாலை 4.30

அக்கா சொன்ன பிறகுதான் உறைக்கிறது. கேலவேயை வெளியே எடுத்துவிட்டால் வழக்கே இல்லை, ஆனால் ஜெயித்த மாலை கேஃபி கழுத்தில்.

இதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு மலையாளப் படம் இருக்கிறது. ‘மேல்விலாசம்’, 2011. நம் பார்த்திபனும் சுரேஷ் கோபியும். ஸ்வதேஷ் தீபக் எழுதிய ‘கோர்ட் மார்ஷல்’ என்ற ஹிந்தி நாடகத்திலிருந்து வந்தது, கிட்டத்தட்ட முழுப் படமும் ஒரே அறைக்குள். அதில் சிப்பாய்தான் அதிகாரியைச் சுட்டவன். சுட்டேன் என்று முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறான். ஏன் சுட்டான் என்பதுதான் மீதி. சாதி சொல்லித் தினமும் அவனைக் கீழே போட்டு மிதித்த கதை வெளியே வருகிறது. அங்கே குற்றவாளிக் கூண்டில் நிற்பவனை நாம் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். மூடுபனி அக்கா கேட்ட அந்தக் கடைசியில் ஓடுகிற பையன் அந்தப் படத்தில் இருக்கிறான்.

பழைய சுபேதார், வெலிங்டன் | ஞாயிறு இரவு 9.05

எல்லாருக்கும் வணக்கம். பேரன் போன் வாங்கிக் கொடுத்து தமிழில் அடிக்கச் சொல்லிக் கொடுத்தான். மெதுவாகத்தான் அடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மாடியில் நானும் இருந்தேன். பேசவில்லை. மூடுபனி அம்மா, உங்கள் அப்பா மாதிரி ஆட்களோடு நானும் லங்கரில், பட்டாளத்துச் சமையல் கூடத்தில், ஒரே வரிசையில் தட்டு ஏந்தியவன்தான். 28 வருஷ சர்வீஸ். எந்த யூனிட், எந்த இடம் என்று இப்போது சொல்லப்போவதில்லை. வடக்கே, உயரத்தில், பனியில். அவ்வளவு போதும்.

படத்தில் ஒரு விஷயத்தை ரொம்பச் சரியாகக் காட்டியிருக்கிறார்கள், அதை இங்கே யாரும் சொல்லவில்லை. கேஃபி முதலில் பேரம் பேசிக்கொண்டு வருகிறான். குற்றத்தை ஒத்துக்கொள், ஆறு மாதத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறான். டாசன் மறுக்கிறான். நாங்கள் தப்புச் செய்யவில்லை, ஆர்டரைச் செய்தோம் என்கிறான். கேஃபி கிளம்பும்போது சட்டப்படி சல்யூட் அடிக்க வேண்டும். அவன் கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விடுகிறான். சிவிலில் இருப்பவர்களுக்கு அது சின்ன விஷயம். எனக்கு அந்த நிமிடம் மயிர் கூச்செறிந்தது. அதிகாரி முன்னால் பாக்கெட்டில் கை விட்டு நிற்பது என்றால், உன் தோளில் இருக்கும் பட்டை எனக்கு ஒன்றுமில்லை என்று கன்னத்தில் அறைந்த மாதிரி. கடைசியில் தீர்ப்பு முடிந்து, வேலையும் மானமும் போன பிறகு, அதே டாசன் கேஃபிக்கு அட்டென்ஷனில் நின்று சல்யூட் அடிக்கிறான். இந்த இரண்டு கைக்கும் நடுவில்தான் மொத்தப் படமும் இருக்கிறது.

இப்போது எனக்கு ஒட்டாத இடம். மூடுபனி அம்மா கேட்ட கேள்விதான், கர்னலுக்குக் கோபம் வராவிட்டால்? நான் அதற்கும் ஒரு படி முன்னால் போகிறேன். அந்தக் கர்னல் வாயைத் திறந்து, கோட் ரெட் கொடு என்று சொன்னாரே, அதுவே எனக்கு ஆச்சரியம். நான் பார்த்த இடத்தில் யாரும் சொல்லமாட்டார்கள்.

நான் அப்போது நாயக். செக்‌ஷனில் ஒரு பையன், சேலம் பக்கம். உயரத்து மூச்சு பிடிபடவில்லை, ரன்னிங்கில் தினமும் கடைசி. அவனால் மொத்த செக்‌ஷனுக்கும் ரகடா, தண்டனைப் பயிற்சி. ஒரு சாயங்காலம் ரோல் கால் முடிந்து சீனியர் ஒருவர் என் பக்கம் வந்து, ‘பையன் உன் ஊர்ப் பக்கம்தானே, பார்த்துக்கோ’ என்றார். அவ்வளவுதான். ‘பார்த்துக்கோ.’ இதில் எந்த வார்த்தையைக் கோர்ட்டில் பிடிப்பீர்கள்?

அன்று ராத்திரி பிட்டு என்கிற முதுகுப் பையில் கல்லை நிரப்பி அவன் முதுகில் கட்டி ஓடவிட்டோம். நான் அடிக்கவில்லை. ஓரமாக நின்று சுற்று எண்ணினேன். பதினொன்று வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. பன்னிரண்டாவதில் வழுக்கி விழுந்தான், முழங்கால் போய்விட்டது. உயிர் போகவில்லை, கடவுள் புண்ணியம். விசாரணை வந்தது. யார் சொல்லிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை சாகிப், பையனே ஸ்டாமினா ஏற்றுகிறேன் என்று ஓடினான் என்று நான் சொன்னேன். பையனும் அதையேதான் சொன்னான். அவனிடம் யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அவனுக்கே தெரிந்திருந்தது. பார்ன்ஸ் சாப்பாட்டுக் கூடத்துக்கு வழி கண்டுபிடித்த மாதிரி.

அதனால் கர்னல் கத்தி ஒத்துக்கொண்டபோது மாடியில் கை தட்டினீர்கள், எனக்குக் கை வரவில்லை. எங்கள் விசாரணையில் கோபப்பட யாருமே இல்லை. எல்லாரும் அமைதியாக இருந்தோம்.

மலைரயில் | ஞாயிறு இரவு 9.50

ஐயா, காலையில் நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இதை வெறும் சினிமாவாகப் பார்க்க முடியாதுதான்.

கோர்ட்டு வாசல், ஊட்டி | ஞாயிறு இரவு 10.30

சுபேதார் ஐயா, இதை எழுதியதற்கு நன்றி சொல்வதா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதும் ஒரு வழக்கு ஞாபகம் வந்து எழுந்து அலமாரியைத் திறந்தேன்.

ரஞ்சித் தாக்குர் வழக்கு, உச்ச நீதிமன்றம், 1987. சிக்னல் ரெஜிமெண்டில் இருந்த சிப்பாய். தன் அதிகாரி தன்னைக் கொடுமைப்படுத்துகிறார் என்று அவரைத் தாண்டி மேலே நேராக மனு எழுதினார். படத்தில் சாண்டியாகோ செய்ததும் இதைத்தானே, தலைக்குமேல் கடிதம் போட்டான். வரிசையை மீறி எழுதியதற்குத் தாக்குருக்கு 28 நாள் சிறை. சிறையில் இருக்கும்போது சாப்பிடு என்று உத்தரவு வருகிறது, அவர் சாப்பிட மறுக்கிறார். கட்டளையை மீறினாய் என்று மறுநாளே சம்மரி கோர்ட் மார்ஷல், யூனிட்டுக்குள்ளேயே நடக்கும் சுருக்க விசாரணை. விசாரித்தவர்களில் ஒருவர், அவர் யாரைப் பற்றிப் புகார் எழுதினாரோ அந்த அதிகாரியே. ஒரு வருஷக் கடுங்காவல், வேலை நீக்கம். சாப்பிடாததற்கு! உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. பாரபட்சம் இருக்கக்கூடும் என்று ஒரு சாதாரண ஆள் நினைக்க இடமிருந்தாலே அந்த விசாரணை செல்லாது, தண்டனை குற்றத்துக்குப் பொருந்த வேண்டும், மனசாட்சியை உலுக்குவதாக இருக்கக்கூடாது என்று எழுதினார்கள்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. குறையை மேலே சொல்ல 26-ஆம் பிரிவு. கீழே இருப்பவனைக் கொடுமைப்படுத்தினால் 47-ஆம் பிரிவு, ஏழு வருஷம் வரை சிறை. கட்டளையை மீறுவதற்கான 41-ஆம் பிரிவில்கூட ‘சட்டப்படியான கட்டளை’ என்றுதான் இருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பான கட்டளையைச் செய்யவேண்டிய கட்டாயம் எந்த ஜவானுக்கும் இல்லை. ஆனால் ‘பார்த்துக்கோ’ என்பதைக் கட்டளை என்று எந்தப் பிரிவில் நிரூபிப்பேன்? இருபது வருஷ அனுபவத்தில் எனக்குப் பதில் இல்லை. இந்தக் கேள்வியைப் படம் பார்ன்ஸ் காட்சியில் தொட்டுவிட்டு விட்டது. அங்கேயே நின்றிருந்தால் இது இன்னும் பெரிய படமாக ஆகியிருக்கும்.

கோத்தகிரி அக்கா | ஞாயிறு இரவு 10.55

ஐயா எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். போய் டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டு வந்தார். இன்னும் பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன்.

கேத்தித் தம்பி | திங்கள் காலை 6.40

ராத்திரி முழுக்க யோசித்தேன். கடைசிக் காட்சி பற்றிய என் கருத்தைப் பாதி மாற்றிக்கொள்கிறேன். காட்சியாக அது இன்றைக்கும் அபாரம்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் அந்தக் கத்தல் நமக்கு ஒரு சௌகரியம் பண்ணிக்கொடுக்கிறது. ஒரு கெட்ட கர்னல், அவரைக் கைது செய்தாயிற்று, சுபம் என்று எழுந்து போக முடிகிறது. கையேட்டில் இல்லாத அந்த வழி அங்கேயேதான் இருக்கிறது, நாளைக்கு வேறு ஒரு பார்ன்ஸ் அதில் நடந்து போவான்.

ஒன்றை மட்டும் படத்துக்காகச் சொல்லவேண்டும். தீர்ப்பு வந்ததும் டௌனி ஒன்றும் புரியாமல், நாம்தான் ஒரு தப்பும் செய்யவில்லையே என்கிறான். டாசன் திரும்பி, செய்தோம், தனக்காகச் சண்டை போட முடியாதவர்களுக்காகத்தான் நாம் நின்றிருக்க வேண்டும், வில்லிக்காக நின்றிருக்க வேண்டும் என்கிறான். வில்லி என்றால் சாண்டியாகோ. படத்தில் அவனைச் செல்லப் பெயர் சொல்லி ஒருவன் நினைத்துக்கொள்வது அந்த இடத்தில்தான் எனக்குக் காதில் விழுந்தது. மூடுபனி அக்கா, நீங்கள் கேட்ட பையன் அங்கே ஒரு நொடி எட்டிப் பார்க்கிறான்.

மூடுபனி, குன்னூர் | திங்கள் காலை 8.20

தம்பி, அந்த நொடியை நான் தவறவிட்டிருந்தேன். இனி விடமாட்டேன்.

ஆனால் ஒரு நொடி போதாது என்பதில் இன்னமும் உறுதியாக இருக்கிறேன். மார்க்கின்சன் இறப்பதற்கு முன் சாண்டியாகோவின் பெற்றோருக்குக் கடிதம் எழுதுகிறார், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கடிதம் போய்ச் சேரும் வீட்டைப் படம் காட்டவில்லை. ஒரு கதவு, கதவைத் திறக்கும் ஒரு அம்மா, அவ்வளவு காட்டியிருந்தால்கூடப் போதும். ஜெஸப்பின் பிரசங்கத்தில் ஒரு வரியைக் குறைத்து அந்த இடத்தைக் கொடுத்திருக்கலாம்.

சுபேதார் ஐயா, கேட்கக்கூடாது என்றால் மன்னித்துவிடுங்கள். அந்தச் சேலம் பையன் என்ன ஆனான்?

பழைய சுபேதார், வெலிங்டன் | திங்கள் மாலை 6.15

கேட்டதில் தப்பில்லை அம்மா.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தான். மெடிக்கல் கேட்டகரி இறங்கியது. கொஞ்ச நாள் ஸ்டோரில் உட்கார்த்தி வைத்தார்கள், அப்புறம் வெளியே வந்துவிட்டான். கிளம்பும் அன்று என்னிடம் வந்து கை கொடுத்தான். அண்ணே வரேன் என்றான். பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வண்டி வரைக்கும் போனேன். முழங்காலை மடக்காமல் ஏறினான். அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஊரில் சைக்கிள் கடை வைத்தான் என்று பழைய ஆள் ஒருவர் பத்து வருஷத்துக்கு முன்னால் சொன்னார். விலாசத்தை டைரியில் எழுதி வைத்தேன். இன்று மதியம் பெட்டியைக் குடைந்து அந்த டைரியை எடுத்தேன், எழுத்து அழியவில்லை. வருகிற மாதம் பேத்திக்குக் காதுகுத்து, ஆத்தூர். சேலம் வழியாகத்தான் பஸ்.

அடுத்த படம் எது என்று முடிவானால் சொல்லுங்கள். முழங்கால் வலி எனக்கும் இருக்கிறது, மாடிப்படியில் லைட் போட்டு வையுங்கள்.